60 சென்டிமீட்டர் ஆபத்து

நாட்டைப் பிடித்திருக்கும் ஆபத்து எது என்று கேட்டால் இன்னும் விலைவாசி, வேலையின்மை என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு விவரம் போதாது. ஆபத்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் வெள்ளையடித்த தாங்கிகள், நடுவில் ஒரு கம்பு. அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று குதிரைமேல் உட்கார்ந்து தாண்டுகிறது. தாண்டிவிட்டு வீட்டுக்குப் போனால் தொலைகிறது என்று விடலாம். அதற்கு ரிப்பன் பூ குத்தி, சான்றிதழ் எழுதி, குதிரையேற்றச் சங்கத்தின் முத்திரையையும் போடுகிறார்களாம்! குதிரையேற்றத்தின் மானம் அந்த முத்திரையில்தான் கப்பலேறுகிறது என்று கிழக்குக் கடற்கரைச் சாலைக் கனவான்கள் சிலர் மனம் நொந்து பேசிக் கேட்டேன். குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கையில் இருந்ததால் கண்ணீரைத் துடைக்க முடியாமல் தவித்தார்கள்.

அவர்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஒலிம்பிக் ஜம்பிங்கில் கம்பு 1.60 மீட்டருக்கு நிற்கிறது. அங்கே பறக்க வேண்டிய கொடியை முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கிற கம்புக்கும் ஏற்றினால் கொடிக்கு என்ன மரியாதை? குதிரையை ஒழுங்காக நடத்திக் காட்டும் டிரஸ்ஸாஜ் பக்கம் போனால் இன்னும் கேவலம். கம்பே கிடையாது. 40 மீட்டருக்கு 20 மீட்டர் மணல் விரித்து, சுற்றிலும் ஆங்கில எழுத்துப் பலகைகளை அகரவரிசைக்குச் சம்பந்தமே இல்லாமல் நட்டிருப்பார்கள். தொடக்க வகுப்புப் பிள்ளை ‘ஏ’ பக்கம் நுழைந்து, குதிரையை நடக்கவிட்டு, ‘டிராட்’ என்னும் துள்ளோட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, நடுவருக்குத் தலைவணங்கிவிட்டு வெளியே வந்துவிடும். நாலுகால் பாய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. இதற்கு ஒவ்வோர் அசைவுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மார்க் வேறு. பிரிட்டனின் டிரஸ்ஸாஜ் சங்கம் இப்படி நடையும் டிராட்டும் மட்டுமே உள்ள ‘இன்ட்ரோ’ தேர்வுகளைத் தன் ஏட்டிலேயே வைத்திருக்கிறது. சங்கப் போட்டியில் இதெல்லாம் எதற்கு என்ற முனகல் அங்கும் உண்டு. முனகலுக்கு விசா தேவையில்லை, இங்கேயும் வந்திறங்கிவிட்டது.

கனவான்களின் தீர்ப்பு இதுதான்: கற்றுக்குட்டிகள் ஞாயிற்றுக்கிழமை ஜிம்கானா நடத்தி, சாக்லேட் வாங்கித் தின்றுவிட்டுப் போகட்டும். சங்கத்தில் பதிந்த போட்டி, உயரத்துக்கு ‘வந்து சேர்ந்தவர்’களுக்கு மட்டும்.

குதிரை விஷயத்தில் கருத்துச் சொல்லக் கல்பாக்கத்துக்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் இருப்பது அணு உலை, லாயம் இல்லை. ஆனால் வாசலில் ஆளை நிறுத்தி “பாஸ் எங்கே?” என்று கேட்கும் கலையில் எங்களுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் அனுபவம். துப்பாக்கி ஏந்திய காவல், அட்டை, அட்டைக்கு ஒரு அட்டை, உறவுக்காரர் வந்தால் அவருக்கு ஒரு சீட்டு. சம்பளப் படிக்கேற்ற வீடு. ஆளை வரிசை பிரிப்பது எங்களுக்கு அன்றாட விவகாரம். அதனால்தான் கேட்கிறேன். எங்கள் வேலிக்கு உள்ளே யுரேனியம் இருக்கிறது, காவல் போடுகிறார்கள். உங்கள் வேலிக்கு உள்ளே இருப்பது குதிரை லத்தி. அதற்கு எதற்கய்யா இவ்வளவு காவல்?

இருந்தாலும் நான் கனவான்கள் கட்சிதான். என் குறையெல்லாம், அவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள் என்பது. 60 சென்டிமீட்டரைத் தூக்கினால் மறுநாளே 80 சென்டிமீட்டர்தான் கடைசி வகுப்பு. கடைசியில் நிற்பவன் என்றைக்கும் அசிங்கம், அதையும் தூக்குங்கள். அப்புறம் ஒரு மீட்டர். அப்புறம் 1.20. இப்படியே போனால் ஒரு நல்ல நாளில் 1.60 மட்டும் மிஞ்சும். அதைத் தாண்டக்கூடிய விரல்விட்டு எண்ணும் ஆட்களும் அயல்நாட்டு லாயத்தில் இருப்பார்கள். அன்றைக்கு நம் போட்டி பரிபூரணத் தூய்மை அடையும். குதிரை இல்லை, பிள்ளை இல்லை, அள்ள லத்தி இல்லை. நடுவர், தலைமை விருந்தினர், பந்தல், பஃபே சாப்பாடு. தரம் என்றால் அதுவல்லவா தரம்!

இது கேலி என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் குழுப் போட்டியில் ஸ்வீடன் தங்கம் வென்றது. குழுவில் ஒருவர் கேனால் பெர்சன். ராணுவத்தில் அவர் சார்ஜென்ட். அன்றைய விதிப்படி ராணுவத்தினர் ஒலிம்பிக்கில் குதிரை ஏற வேண்டுமானால் கமிஷன் பெற்ற அதிகாரியாக இருக்க வேண்டும். சார்ஜென்ட் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் சார்ஜென்ட்தான். ஸ்வீடன்காரர்கள் சாமர்த்தியசாலிகள். ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னால் அவரை லெப்டினன்ட் ஆக்கினார்கள், தங்கம் வாங்கினார்கள், சில வாரங்களில் மறுபடி சார்ஜென்ட் ஆக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு கொதித்தெழுந்தது. எதற்கு? ஒரு மனிதரைப் பதவியில் ஏற்றி இறக்கிக் கேவலப்படுத்தியதற்கா? இல்லை. அதிகாரி அல்லாதவன் குதிரைமேல் உட்கார்ந்துவிட்டானே என்பதற்கு! 1949-இல் ஸ்வீடன் குழுவைத் தகுதி நீக்கினார்கள். தங்கம் பிரான்சுக்குப் போனது.

பெர்சனின் குதிரை தப்பாக ஒரு கால் வைக்கவில்லை. தப்பு அவர் தோள்பட்டையில் இருந்தது. தரம், தரம் என்று அன்றைக்கும் மேஜையைத் தட்டினார்கள். தட்டியவர்கள் அளந்தது தரத்தையா, தோளில் இருந்த நட்சத்திரத்தையா?

1952-இல் அதிகாரி அல்லாதவர்களுக்கும் கதவு திறந்தது. திறந்ததும் என்ன ஆயிற்று? ஹெல்சிங்கியில் அதே மூவர் அணி, அதே பெர்சன், மறுபடி தங்கம். 1956-இல் இன்னொரு தடவை தங்கம். அதே ஹெல்சிங்கியில் பெண்களுக்கும் டிரஸ்ஸாஜில் முதன்முறையாக இடம் கொடுத்தார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் வந்தார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பெண். குதிரைமேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். வெள்ளி வாங்கினார். நான்கு வருஷம் கழித்து மறுபடி வெள்ளி. ‘வந்து சேர்ந்தவர்’களை மட்டும் விட்டிருந்தால் இந்த இரண்டு பேரும் வேலிக்கு வெளியே நின்று கைதட்டியிருப்பார்கள், உள்ளே இருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே தங்கம் பங்கிட்டுக்கொண்டு தரத்தைக் காப்பாற்றியிருப்பார்கள்.

நம் கதை மட்டும் வேறா? 1982 டெல்லி ஆசியப் போட்டியில்தான் குதிரையேற்றம் ஆசியப் போட்டிக்குள் முதன்முதலாக வந்தது. மூன்று வகைச் சவாரியும் சேர்ந்த ஈவென்டிங்கில் தனிநபர் தங்கம் வாங்கியவர் ரகுபீர் சிங். 61-ஆவது குதிரைப்படைக்காரர், அதிகாரிப் பள்ளியிலிருந்து நேராக வந்தவர் அல்ல, சாதாரணப் படைவீரர் வரிசையிலிருந்து ஏறி வந்தவர். 1948 விதி நீடித்திருந்தால், லண்டனில் பெர்சன் நின்ற இடத்தில்தான் டெல்லியில் அவரும் நின்றிருப்பார். தங்கம் கழுத்தில் விழுந்த பிறகு அர்ஜுனா, பத்மஸ்ரீ எல்லாம் கொடுத்துக் கொண்டாடினோம். கொண்டாடியதில் தப்பில்லை. அவரைப்போல இன்னொருவர் எந்த வாசல் வழியாக வருவார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தேசியக் குதிரையேற்றச் சங்கத்தில் ஓட்டு யாருக்கு, மாநிலச் சங்கங்களுக்கா, கிளப்புகளுக்கும் படைப் பிரிவுகளுக்குமா என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக வழக்காடினார்கள். ஓட்டுப் பஞ்சாயத்தில் குதிரைக்கும் பிள்ளைக்கும் வக்கீல் இல்லை.

உயரத்தைப் பற்றிப் பேசுவோம் என்கிறார்களா, பேசலாம். ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கினார், டோக்கியோ ஒலிம்பிக்கில் இருபது வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்காகக் குதிரை ஏறினார். பயிற்சி ஜெர்மனியில். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் டிரஸ்ஸாஜ் குழுத் தங்கம் வாங்கினார்கள். 1982-க்குப் பிறகு 41 வருஷம் கழித்து வந்த தங்கம். பயிற்சி ஐரோப்பாவில், குதிரைகளும் ஐரோப்பாவிலிருந்தே போயின. அனுஷ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் டிரஸ்ஸாஜில் இறங்கினார், இந்தியாவிலிருந்து அந்தப் பிரிவில் அவர்தான் முதல் ஆள். இவர்களின் உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். நோய்த்தடுப்பு விதிகளால் இந்தியாவில் இருக்கும் குதிரை நேராகப் பன்னாட்டுப் போட்டிக்குப் போவது நிஜமாகவே குதிரைக்கொம்பாக இருந்தது. 2025 ஜூலையில்தான் மீரட்டில் ராணுவக் கால்நடைப் பிரிவின் வளாகத்துக்கு நோயற்ற வளாகம் என்ற பன்னாட்டு அங்கீகாரம் கிடைத்தது. ஆக, மேல்வகுப்பு முழுக்க ஐரோப்பாவில் இருக்கிறது. இங்கே, இந்த மண்ணில், நம் கையில் மிச்சம் இருப்பதே தொடக்க வகுப்புதான். அதையும் விரட்டிவிட்டு எதற்குச் சங்கம் வைத்திருப்பதாக உத்தேசம்? லெட்டர்பேடுக்கா?

எங்கள் ஊரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் அரை மணியில் மாமல்லபுரம். அதே கடற்கரையில் அலைச்சறுக்கு என்று இன்னொரு விளையாட்டு நடக்கிறது. அதற்கும் கூட்டமைப்பு உண்டு, நடுவர் உண்டு, பன்னாட்டு விதி உண்டு. ஆனால் அதிகாரப்பூர்வப் போட்டியிலேயே பெரியவர்களுக்கான ஓப்பன் பிரிவோடு ‘குரோம்’ என்று 16 வயதுக்குட்பட்ட பொடிசுகளின் பிரிவும் ஒரே கடலில், ஒரே பந்தலில் நடக்கும். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி அந்தப் பொடிசுப் பிரிவிலும் பட்டம் வாங்கினார், பெண்கள் ஓப்பனிலும் பட்டம் வாங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்துக்கே வந்தது. வெண்கலம் வென்ற ரமேஷ் புதிஹால் கேரளத்துக் கோவளம் கடற்கரையில் கைவினைப் பொருள் விற்ற குடும்பத்துப் பிள்ளை. ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தனிநபர்ப் பதக்கம். பொடிசுகள் குதித்ததால் வங்காள விரிகுடாவின் தரம் தாழ்ந்துவிட்டதாக யாரும் புகார் கொடுக்கவில்லை.

கடலும் வேண்டாம், தெற்கே தேனி, தூத்துக்குடி, சிவகங்கைப் பக்கம் போங்கள். மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று வகுப்பு வகுப்பாக விடுவார்கள். குதிரை வண்டிக்கும் பெரிய குதிரை, சின்னக் குதிரை உண்டு. இன்றைக்குத் தட்டான்சிட்டில் ஓடுவது நாலு வருஷத்தில் பெரிய மாட்டில் ஓடும் என்று கையில் விசிலோடு ரோட்டோரம் நிற்கும் பையனுக்குத் தெரியும். அதே கொடி, அதே மைக், அதே கமிட்டி. தட்டான்சிட்டுக்கும் சாரதி பேரும் ஊர் பேரும் சொல்லித்தான் பரிசு கொடுப்பார்கள். எந்தப் பன்னாட்டுக் கூட்டமைப்பின் கையேட்டையும் பார்த்து அவர்கள் இதைப் பழகவில்லை. ஆங்கிலத்தில் கையேடு படித்தவர்களுக்கோ இது இன்னும் பிடிபடவில்லை.

இனி, கனவான்கள் கண்ணில் படாத ஆள் ஒருவர். கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குதிரைப் பள்ளி ஒன்றில் போட்டி நடந்தபோது பார்த்தேன். பேர் வேண்டாம். இருட்டு விலகும் முன்னே, குதிரையைப் பராமரிக்கும் சைஸ் எழுந்து குதிரைக்குத் தண்ணீர் காட்டி, குளம்பைத் தூக்கி வைத்துக்கொண்டு கொக்கியால் மண்ணும் கல்லும் நோண்டி எடுத்து, உடம்பைத் தேய்த்து, பிடரியைச் சின்னச் சின்ன முடிச்சாகப் பின்னி ரப்பர் போட்டுக்கொண்டிருந்தார். பின்னி முடித்ததும் அவரே ஏறினார். சேணம்கூட இல்லை, வெறும் முதுகு. காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. வார்ம்-அப் மைதானத்தில் இரண்டு சுற்று. குதிரை கடிவாளத்தோடு முரண்டு பிடிக்காமல், காதை முன்னே வைத்துக்கொண்டு, அவர் நினைத்த இடத்தில் திரும்பியது. ஓரமாகக் கிடந்த குட்டித் தடை ஒன்றைப் போகிறபோக்கில் தாண்டினார். யாரும் மார்க் போடவில்லை.

அப்புறம் குதிரைக்குச் சேணம் ஏறியது. வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, பளபளக்கும் பூட்ஸ், ஹெல்மெட் சகிதமாக ஒரு பிள்ளை வந்தது. சைஸ் குனிந்து, பூட்ஸைத் துண்டால் ஒரு துடை துடைத்து, “பயப்படாத பாப்பா, கம்பப் பாக்காத, தூரமாப் பாரு, அதுவே தாண்டும்” என்றார். பயிற்சியாளர் ஆங்கிலத்தில் கால் மணி நேரம் சொன்னதன் சாரம் அதுதான். பாப்பா உள்ளே போனது. மூன்றாவது தடையில் குதிரை நின்றது. அதற்கு நாலு தப்பெண். மறுபடி வந்து தாண்டியது. முகமெல்லாம் பல். எனக்கே சந்தோஷமாக இருந்தது. வேலிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அப்பா மட்டும், “இதுக்கெல்லாம் சங்கப் போட்டியில ரிப்பன் குடுத்தா, என் பையன் 1.10 தாண்டறதுக்கு என்ன மதிப்பு சார்?” என்று என்னிடம் நியாயம் கேட்டார். சைஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். அவர் காதில் விழுந்ததா, தெரியாது. தன் பையனுக்கு என்ன மதிப்பு என்று கேட்கிற இடத்தில் சைஸ் இல்லை.

மாமல்லபுரம் மணலில் இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. “அண்ணா, ஒரு ரவுண்டு போலாமா ணா” என்று கேட்டுக்கொண்டே சுற்றுலாப் பயணியின் பக்கத்தில் கயிறு பிடித்து ஓடும் பையன்கள். விலாவெலும்பு தெரிகிற குதிரை, அதன் நெற்றியில் பிளாஸ்டிக் பூ. அந்தக் குதிரைக்கு நிழலும் தீனியும் ஒழுங்காகக் கிடைக்காதது தனி அநியாயம், அதற்காகக் கோபப்பட வேண்டிய இலாகாக்கள் வேறு. ஆனால் கூட்டம் கலைந்ததும் அந்தப் பையன் வெறும் முதுகில் ஏறி அலைநுரைக்குள் விட்டு அடிக்கிற சவாரியைப் பார்த்திருக்கிறீர்களா? இந்த மாவட்டத்தில் குதிரைமேல் பயமில்லாமல் உட்காரத் தெரிந்த பிள்ளைகளைத் தேடினால் அவர்களைத்தான் காட்ட வேண்டும். 60 சென்டிமீட்டர் வகுப்பு உண்மையில் யாருக்காக இருக்க வேண்டும்? இவர்களுக்காக, சைஸ் மகனுக்காக. ஆனால் அந்த வகுப்புக்கும் பதிவுக் கட்டணம், குதிரைப் பதிவு, கோட்டு, பூட்ஸ், ஹெல்மெட், வாடகைக் குதிரைக்குத் தனிப் பணம். ஹெல்மெட் உயிருக்கு. மற்றதெல்லாம் யாருக்கு? தொடக்கம் என்று நீங்கள் சொல்லும் படிக்கே இந்தப் பிள்ளைகளின் தலை எட்டவில்லை. எட்டாத படியையும் இடித்துவிடலாமா என்று விவாதம் நடக்கிறது! வெட்கம் என்று ஒன்று இருந்தால் எலுமிச்சைச் சாறு தொண்டையில் இறங்காது.

அந்தப் பக்கத்தில் நியாயம் துளியும் இல்லையா என்றால், ஒரு துளி இருக்கிறது. மேல்வகுப்பில் ஓடக்கூடிய ஆளும், லட்சங்கள் கொட்டி வாங்கிய குதிரையும் வருஷா வருஷம் தொடக்க வகுப்பில் இறங்கிக் கோப்பையை அள்ளிக்கொண்டு போகிறார்கள். கற்றுக்குட்டிப் பிள்ளை ஐந்தாவது ஆறாவது இடத்தில் நிற்கிறது. இது அயோக்கியத்தனம். ஆனால் இதற்கு வைத்தியம் வகுப்பை மூடுவதா? ஜெயித்தவனை மேலே ஏற்று, இத்தனை முறைக்கு மேல் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு வரி எழுது, தீர்ந்தது. அந்த வரியை ஏன் எழுத மாட்டார்கள் என்றால், கோப்பை அள்ளுகிற ஆள் பெரும்பாலும் எழுதுகிறவர்களின் வீட்டுப் பிள்ளை. திருடன் புகுந்த வீட்டில் திருடனை விட்டுவிட்டுக் குடியிருப்பவனைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.

இன்னொரு சங்கதி, இதைக் காதோடு காதாகத்தான் பேசுவார்கள். ஒரு போட்டியின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1.20 வகுப்பில் நாலு பேர் இருந்தால் பெரிது. 60 சென்டிமீட்டரிலும் 80 சென்டிமீட்டரிலும் பக்கம் நிரம்பி வழியும். அத்தனை பேரும் கட்டணம் கட்டியவர்கள். நடுவரின் விமானச் சீட்டு, ஆம்புலன்ஸ், கால்நடை மருத்துவர், பந்தல், மைக், மணல் சமன்படுத்திய டிராக்டர், அந்த எலுமிச்சைச் சாறு எல்லாம் எந்தக் காசில் வந்தது? அந்த அப்பாவின் 1.10 மகன் தாண்டுகிற கம்புக்கு வெள்ளையடித்த காசே பாப்பா கட்டியதுதான்.

ஆகவே கனவான்களே, தொடக்க வகுப்பை ஒழிக்கும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் தாராளமாகக் கொண்டுவாருங்கள், நானே வழிமொழிகிறேன். ஒரே நிபந்தனை. தீர்மானத்துக்கு முன்னால் பொருளாளர் எழுந்து, இந்த வருஷக் கணக்கில் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் கட்டிய பணத்தை மொத்தமாகக் கழித்துவிட்டு மிச்சத்தை வாசிக்கட்டும். பைசா உட்பட வாசிக்கட்டும், மைக்கை யாரும் அணைக்கக் கூடாது. கயிறு பிடிக்க வந்த சைஸ்களையும் அன்றைக்கு ஒருநாள் உள்ளே விட்டு, நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். அவர்களும் கேட்கட்டும்.